மிஷினுக்கு வந்த இருமல்

மரம் அறுக்கிற மிஷினுக்கு ரோஷம் உண்டு என்று சின்ன வயதில் நான் நம்பினேன். கேலி செய்கிறவன் முகத்தை அது மனதில் வைத்துக்கொள்ளும். நேரம் பார்த்துத் தேடி வரும். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் கண்ணாலேயே பார்த்தேன். தேடி வந்ததே என்னைத்தான்.

அன்று என் தங்கச்சிக்குக் காதுகுத்து. காரைக்குடியிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். குலதெய்வக் கோயில் ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையை ஒட்டி இருந்தது. முதல்நாள் அடித்த காற்றில், கோயிலுக்குப் போகிற பாதையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் விழுந்துகிடந்தது. மனிதர்கள் ஏறிக் குதித்துவிடலாம். அண்டா, அரிசி மூட்டை, விறகு, சமையல்காரர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நின்ற டிராக்டர் எப்படிக் குதிக்கும்? உச்சிக்குள் நல்ல நேரம் முடிந்துவிடும். அதற்குள் பாதை திறந்தாக வேண்டும்.

நல்லவேளையாகச் சித்தப்பா ஊரில் இருந்தார். மலேசியாவில் மரம் வெட்டுகிற இடத்தில் வேலை பார்த்துவிட்டு விடுப்பில் வந்தவர், கையோடு ஒரு பெரிய மிஷினையும் கொண்டுவந்திருந்தார். செயின் ஓடுகிற அதன் நீளத் தகடே கிட்டத்தட்ட என் உயரம் இருக்கும். அப்படியொன்றை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. காதுகுத்துக்கு வந்த சனத்தில் பாதி, பிள்ளையை மறந்துவிட்டு மரத்தடிக்கு வந்துவிட்டது.

சித்தப்பா மிஷினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தார். ஓட ஆரம்பித்தது. விசையை முழுக்க அழுத்தினார். சிங்கம் போலக் கர்ஜிக்கும் என்று காதைப் பொத்திக்கொண்டு நின்றால், அது இருமியது. பெரிய சத்தம்தான், ஆனால் நெஞ்சில் சளி கட்டிய சத்தம்.

"சித்தப்பா, உங்க மிஷினுக்குக் கக்குவான் இருமலா?" என்று கத்தினேன்.

கூட்டம் சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் மாமா. அம்மாவின் அண்ணன். அன்றைக்கு அவர்தான் ராஜா. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே பிள்ளைக்குக் காது குத்த வேண்டும்! அவர் முகம் கோணினால் காரியம் அப்படியே நின்றுபோகும். எங்கள் உறவில் ஒரு தாய்மாமன் இலையில் ஈரல் வைக்கவில்லை என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் மூளிக்காதோடு பள்ளிக்கூடம் போனதை இன்றைக்கும் சொல்வார்கள். அதனால் மாமா தும்மினால்கூட அன்று நாலு பேர் துண்டை நீட்டினார்கள்.

மாமாவுக்கு இன்ஜின் என்றால் உயிர். அவரிடம் ஒரு பம்புசெட்டும் ஒரு ஸ்கூட்டரும் இருந்தன. இரண்டையும் அவரே திருகிச் சரிசெய்வார். அதன் பிறகு இரண்டும் ஓய்வில் இருக்கும்.

"என்ன மாப்ள, சீக்கு மாட்டப் பிடிச்சுக் கப்பல் ஏத்திக் கொண்டாந்திருக்க?" என்றார் சித்தப்பாவிடம்.

"இல்ல மச்சான். வெறுமனே ஓட்டுறப்ப கொஞ்சம் இருமத்தான் செய்யணும். மரத்தைக் கடிச்சதும் இருமல் நின்னுரும். சும்மா ஓடுறப்பவே கீச்சுன்னு கத்துனாத்தான் வம்பு. பெட்ரோலோட கலந்துதான் ஆயிலு உள்ள போகுது. பெட்ரோலக் கொறச்சமுன்னா ஆயிலும் கொறஞ்சு வேகம் அளவு மீறிரும், பிஸ்டன் சூடேறிப் பிடிச்சுக்கிரும்."

"எனக்கேவா? பெட்ரோலு கூடப் போயி மூச்சு முட்டுதுய்யா அதுக்கு. திருப்புளியைக் குடு இங்குட்டு."

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சீர்த்தட்டோடு நின்றாள். இன்னைக்கு ஒரு நாளைக்குக் குடுத்துருங்களேன் என்று அந்த முகம் கெஞ்சியது. திருப்புளி கை மாறியது. வேறெந்த நாளாக இருந்தாலும் சித்தப்பா அதைக் கொடுத்திருக்க மாட்டார். காதுகுத்து நாளில் தாய்மாமனிடம் மாட்டேன் என்று சொல்ல எங்கள் ஊரில் எவனுக்கும் நாக்கு வராது.

மாமா கார்புரேட்டரில் ஒரு திருகாணியை இறுக்கினார். விசையை அழுத்தினார். அம்மாடி! இருமல் போன இடம் தெரியவில்லை. காது கிழிகிற மாதிரி ஒரே கீச்சு. கூட்டத்தில் விசில் பறந்தது.

"இருமலு எங்கய்யா? காணோம்ல?" என்று மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

"மச்சான், போதும். ரொம்ப நேரம் அழுத்தாதீக," என்ற சித்தப்பாவின் குரல் விசிலில் அமுங்கிப்போனது. எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. மலேசியா வரைக்கும் போய் என்ன கற்றுக்கொண்டார் இந்த மனுஷன்!

மாமா விசையை விட்டதும் மிஷின் அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. விடுவாரா? இன்னொரு திருகாணியையும் உள்ளே முறுக்கினார். "இனிமே நிக்கவே நிக்காது பாரு" என்று சொல்லி, ஓடுகிற மிஷினைச் சருகும் குச்சியுமாகக் கிடந்த தரையில் வைத்துவிட்டு, அவிழப்போன வேட்டியைக் கட்டத் திரும்பினார்.

அவர் சொன்னது பலித்தது. விசையில் யார் கையும் இல்லை, ஆனால் செயின் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே கிடந்த கிளையைப் பற்றியது. ஒரு துள்ளு துள்ளியது. பிறகு மூக்கை நீட்டிக்கொண்டு மெல்ல நகர ஆரம்பித்தது. அந்த மூக்குக்கு நேரே நின்றவன் நான்.

நான் இடப்பக்கம் ஒதுங்கினேன். அதுவும் ஒரு குச்சியில் தட்டி இடப்பக்கம் திரும்பியது. சந்தேகமே இல்லை. கக்குவான் என்று சொன்ன வாய் எது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு நடந்தவற்றை நான் வீரத்தோடு சொல்ல ஆசைப்படுகிறேன், ஆனால் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அலறிக்கொண்டு ஓடி, டிராக்டரில் ஏறி, கறி அண்டாவுக்குள் குதித்தேன். தாம்பாளத்தை இழுத்து மேலே மூடிக்கொண்டேன். கால்சட்டை வரும் வழியிலேயே ஈரமாகிவிட்டிருந்தது.

"டேய், எறங்குடா! அது கறி ஆக்குற அண்டா!" என்று சமையல்காரர் தட்டினார்.

"மாட்டேன், அது என்னையத் தேடுது!"

"உன்னைய எதுக்குடா தேடுது? உன் ஒடம்புல அறுக்கிறதுக்கு என்ன இருக்கு?"

வெளியே சத்தம் நின்றிருந்தது. தாம்பாளத்தைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். சித்தப்பா பின்பக்கமாகப் போய் மிஷினை அணைத்திருந்தார். யாரோ, "மச்சான் மிஷினுக்கு நடக்கப் பழகிக் குடுத்துட்டாருப்பா" என்று சொல்ல, சிரிப்பு வெடித்தது. மாமாவின் முகம் கோணத் தொடங்கியது. அவர் வண்டி நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மா சீர்த்தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு அவரை நோக்கி நடந்தாள்.

"என் தப்புத்தான் மச்சான்," என்று முந்திக்கொண்டார் சித்தப்பா. "சருகுல வைக்க வேணாமுன்னு சொல்ல மறந்துட்டேன். எடம்தான் சரியில்ல."

அம்மா பிடித்துக்கொண்டாள். "அண்ணே, வேட்டியெல்லாம் ஆயிலு. இதோடயா பிள்ளைய மடியில வச்சுக்குவீக? பட்டு வேட்டி எடுத்து வச்சிருக்கேன், வாங்க. காது குத்துற ஆசாரி வேற உங்களத்தான் கேக்குறாக."

மாமா குனிந்து வேட்டியின் ஆயில் கறையைப் பார்த்தார். பிறகு, "எடம் சரியில்லதான்" என்று தாராளமாக ஒத்துக்கொண்டு அம்மாவோடு போனார்.

அவர் தலை மறைந்ததும் சித்தப்பா மிஷின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். தலையைக் குனிந்தார். காதை அதன் அருகே கொண்டுபோனார். மிஷினிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நானும் அண்டாவுக்குள்ளிருந்து கைகூப்பி, இனிமேல் யாருடைய இருமலையும் கேலி செய்ய மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அது பழையபடி இருமியது. எங்கள் இரண்டு பேரையும் மன்னித்துவிட்டது.

பட்டு வேட்டியில் மாமா திரும்பி வந்தபோது மரம் துண்டுதுண்டாகக் கிடந்தது. "பாத்தீகளா, நம்ம கை பட்டதும் எப்படி அறுக்குது!" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

"ஆமா மச்சான்," என்றார் சித்தப்பா.

சுத்த உதவாக்கரை என்று அவரைப் பற்றி அப்போது முடிவு செய்தேன். பல வருடம் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

நடந்தது இதுதான். மாமா இறுக்கியதில் ஒரு திருகாணி பெட்ரோலைக் குறைத்துவிட்டது, மற்றது விசையை விட்டாலும் செயினை ஓடவைத்துவிட்டது. இரண்டையும் சித்தப்பா பழைய அளவுக்குத் தளர்த்தினார். விசையை விட்டதும் செயின் நிற்கிறதா என்று பார்த்தார். இருமல் திரும்பும் வரை காது கொடுத்துக் கேட்டார். பிறகு மரத்தை அறுத்தார். டிராக்டர் போனது. நல்ல நேரத்துக்குள் மாமா மடியில் வைத்துத் தங்கச்சிக்குக் காது குத்தினார்கள்.