ராக்காயி வீட்டுத் தூண்

புயலில் குடிசை போன பிறகு எனக்கும் என் புருசனுக்கும் படகுதான் வீடு. 1950களில், மணமேல்குடிப் பக்கம் ஓர் ஓடையில் அதைக் கட்டிக்கொண்டு, அதிலேயே சமைத்து அதிலேயே படுத்தோம்.

ஊர்க்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. பெண் குடியிருக்கும் படகு ஓடையில் நின்றால் மீன் படாது என்பது அங்கே நம்பிக்கை; அப்படிக் கட்டக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. "பொம்பளை பொழங்குற படகை இங்கிட்டுக் கட்டாதீங்க" என்று எல்லாரையும்விடச் சத்தம் போட்டவள் கரையோர வீட்டு ராக்காயி.

ஒரு மத்தியானம், என் புருசன் குடிதண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, நாலைந்து பேர் வந்து, படகு கட்ட ஊர்ப்பொதுவில் நட்டிருந்த ஊர்க்கட்டையிலிருந்து எங்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். படகுக்குள் உலை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. கடல் உள்வாங்கி ஓடைத் தண்ணீர் வடிகிற நேரம். தண்ணீர் படகைக் கடல் பக்கம் இழுத்தது. நான் கத்தியும் கரையில் நின்றவர்கள் அசையவில்லை.

ராக்காயிதான் தண்ணீரில் இறங்கினாள். கயிற்றைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் வீட்டுத் தூணில் கட்டினாள்.

"இது ஊர்க்கட்டை இல்ல, என் வீட்டுத் தூணு. எவன் அவுக்குறான்னு பாக்குறேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒன்னய எனக்குப் பிடிக்கலதான். அதுக்காகச் சாகவா விடுறது?"

மறுநாளிலிருந்து அவள் புருசனை யாரும் வலைக்குக் கூப்பிடவில்லை. அவள் வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல் நாங்கள் வேறு கரைக்குக் கிளம்பிவிட்டோம்.

இன்று எனக்குக் கல்வீடு இருக்கிறது. ஆனாலும் அந்தத் தூண் மனசைவிட்டுப் போகவில்லை. வீடில்லாத எங்களால் அந்த ஊரைவிட்டுப் போக முடிந்தது. வீடு இருந்த ராக்காயியால் முடியவில்லை.