பெண்கள் பக்கம் முழங்காலிட்ட பெரியப்பா

“இன்று மைனி நற்கருணை எடுத்தார்கள். குருத்தோலைப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு.” அம்மாவின் வேதாகமத்துக் கடைசித் தாளில் இருப்பது இவ்வளவுதான்; வருடம் இல்லை. மைனி என்றது என் அத்தையை. பாட்டு வரிகளைக் காட்ட எங்கள் கோயிலில் திரை மாட்டிய வருடம் அது என்பது என் நினைவு. எனக்கு எட்டு வயது இருக்கலாம்.

அத்தை கோயிலில் மணம் முடிக்காமல் பதிவு அலுவலகத்தில் முடித்தவள். அதனால் அவளுக்கு நற்கருணை, அதாவது பந்தியில் முழங்காலிடுகிறவர்களுக்குத் தரும் அப்பமும் கிண்ணத்துத் திராட்சை ரசமும், நிறுத்தப்பட்டிருந்தது. சபை முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டால் திரும்பக் கிடைக்கும். இதில் கண்டிப்பாக நின்றவர் சபை மூப்பரான அவளுடைய சொந்த அண்ணன், என் பெரியப்பா. ஆண்களை வலப்பக்கம், பெண்களை இடப்பக்கம் என்று பிரித்துப் பந்திக்கு அனுப்புவதும் அவர்தான். மழைகூட அவரைக் கேட்டுத்தான் கோயிலுக்குள் ஒழுகும் என்பார் அப்பா.

திங்கட்கிழமை அத்தைக்கு இதய அறுவை. சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெரியப்பாவும் இருந்தார்.

“நாளைக்குப் பந்தியில நான் முழங்கால் போடுதேன், அண்ணே.”

“மன்னிப்புக் கேட்டுட்டுப் போடு. யாரு தடுக்கா?”

“மத்த எல்லாத்துக்கும் கேக்கேன். கல்யாணத்துக்கு எதுக்குக் கேக்கணும்? அவுக என்ன களவாண்ட பொருளா?”

அப்பா சிரித்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், பிள்ளே. ஐயர் ஒன்ன விட்டுட்டுப் போயிருவாரு. சபை முன்னால அசிங்கப்படாத.” எங்கள் சபைக் குருவை ஐயர் என்றுதான் அழைப்போம்.

ஞாயிறன்று பிள்ளைகள் நாங்கள் முன்னால் பாயில் இருந்தோம். அத்தை பெண்கள் வரிசையின் ஓரத்தில் முழங்காலிட்டு, உள்ளங்கைகளைக் குவித்து நீட்டினாள். நடுவில் நின்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த பெரியப்பா, சட்டென்று போய் அவள் அருகில் முழங்காலிட்டார். பெண்கள் பக்கத்தில்!

“ஏலே, ஒங்க பெரியப்பா இடம் மாறிட்டாவ” என்று பக்கத்துப் பையன் என்னை இடித்தான்.

அப்பத்தோடு வந்த ஐயர் அத்தையைத் தாண்டி, பெரியப்பா கையில் ஒரு துண்டை வைத்து நகர்ந்தார். பெரியப்பா அதை இரண்டாகப் பிய்த்தார். பாதியை, இன்னும் நீட்டியபடியே இருந்த அந்தக் கைகளில் வைத்தார்.

பிறகு ஐயர் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். அத்தை முன் நின்றார். குனிந்து, அவளுக்கும் கொடுத்தார்.

அத்தை அறுவை முடிந்து நலமாகத் திரும்பினாள். பெரியப்பா அதன்பின் யாரையும் பந்திக்குப் பிரித்து அனுப்பவில்லை.

பெரியப்பா அன்று மீறிய விதி, பெண்கள் பக்கம் போனது ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். வீட்டில் அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். குருப்பட்டம் பெறாதவர் அப்பம் கொடுக்கக் கூடாது என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தப் பாதித் துண்டைப் பார்த்துவிட்டுத்தான் ஐயர் கிண்ணத்தை நீட்டினாரா, பார்க்காமலா? ஐயர் இன்று இல்லை. பெரியப்பாவைக் கேட்டால், “கிண்ணம் வந்துச்சுல்லா, லே” என்கிறார். இதை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.