சூசை அடிக்காத டிரம்ஸ்

பாம்பனில் எங்கள் பங்க் ராக் இசைக்குழு இருந்தபோது ஒரு பாட்டு ஒரு நிமிடம்கூட ஓடாது. நான் தொண்டை கிழியக் கத்துவேன்; சூசை டிரம்ஸைப் போட்டு நொறுக்குவான். அந்தப் பழைய பதிவுகளையெல்லாம் திரட்டி இந்த வருடம் ஒரே ஆல்பமாக வெளியிட்டேன்.

சூசை அடிக்க அடிக்க வேகமெடுத்துவிடுவான். அது எனக்கு வெட்கமாக இருந்தது. சென்னை ஸ்டுடியோவில் அவன் டிரம்ஸை மட்டும் எடுத்துவிட்டு, வேறொருவரை அடிக்க வைத்தேன். அட்டையில் சூசை பெயரையே போட்டேன். இப்போது கடலுக்குப் போகிறவனுக்கு என்ன தெரியப்போகிறது என்ற நினைப்பு.

அவன் வீட்டில் போட்டுக் காட்டினேன். "இம்புட்டு நல்லா அடிப்பீகளா? எங்கிட்டச் சொன்னதே இல்லையே!" என்று அவன் மனைவி பூரித்துப்போனாள்.

சூசை என்னை ஒரு தடவை பார்த்தான். "ஆமா" என்றான்.

வழியனுப்பத் தெருமுனை வரை வந்தபோதுதான் கேட்டான்: "ஏலே, அடிச்சது யாரு?"

சொன்னேன்.

"நல்லா அடிச்சிருக்கான். பாவம், அவன் பேரைப் போட்டிருக்கலாம்ல?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுவாரமே ஆல்பத்தில் சூசையின் டிரம்ஸைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். கேட்டுப் பாருங்கள். பாதிப் பாட்டில் அவன் வேகமெடுக்கிறான். நான் மூச்சு வாங்கப் பின்னால் ஓடுகிறேன். எட்டவே முடியவில்லை.