லாரி போற வழியில ஒரு வாசல்

சைட் சூப்பர்வைசர் வேலைக்கு ரெண்டே தகுதிதான்: வெயில்ல நிக்கிற காலு, எவ்வளவு கேட்டாலும் பதில் சொல்லாத வாயி. இதுல காலு மட்டும்தான் எனக்கு வாய்ச்சுச்சு.

நான் கந்தர்வக்கோட்டை முந்திரிக்காட்டுக்காரி. சிவில் டிப்ளமோ. அறந்தாங்கியில ரூம் எடுத்துத் தங்கி, கடைவீதிக்குப் பக்கத்துல நாலு மாடிக் கட்டடம் ஒண்ணு கட்டுற வேலையில இருக்கேன். ஊருக்கு நடுவுல இருந்த சர்க்கார் ஆபீசெல்லாம் ஒவ்வொண்ணா வாடகைக் கட்டடம் தேடிப் போயிருச்சு, அதோட கடைவீதியும் படுத்துருச்சு. அது அத்தனையையும் ஒரே எடத்துக்குத் திருப்பிக் கொண்டாறோம். ஒரு சான்றிதழுக்கு நாலு ஆபீஸ், நாலு ஆட்டோன்னு அலைஞ்சிருக்கீங்கல்ல? ஒங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

நீங்க கட்டுங்க

வேலை ஆரம்பிச்ச புதுசு. தூணுங்க மட்டும் தலை தூக்கியிருக்கு. எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை. உள்ள மேசை, ஃபேன், மஞ்ச ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு கையில பேனாவோட நான். இது போதாதா நம்ம ஜனங்களுக்கு? மீமிசல்லேர்ந்து ஒரு பெரியவர் பஸ்ஸை விட்டு எறங்கி நேரா என் முன்னால வந்து கும்பிட்டாரு. மீன்பிடி தடைக்கால நிவாரணம் வரலைன்னு பிளாஸ்டிக் கவருக்குள்ள ஒரு மனு.

"ஐயா, இது ஆபீஸ் இல்லீங்க. ஆபீசை இனிமேத்தான் கட்டணும்"னேன். அவரு திரும்பி தூணுங்களை ஒருவாட்டி மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாரு. அப்புறம் செங்கல் அடுக்கு மேல துண்டை விரிச்சு உக்காந்துட்டாரு. "அவசரமில்ல தாயி, நீங்க கட்டுங்க. நான் உக்காந்திருக்கேன்."

லோடு நோட்டு

அவரை ஆட்டோவுல ஏத்தி உரிய ஆபீசுக்கு அனுப்பி வச்சேன். மறுநாளு மூணு பேரு வந்தாங்க. அதுக்கு மறுநாளு ஏழு பேரு. சைட்டுக்கு ரெண்டு வழி இருந்துச்சு. மெயின் ரோட்டுல முன் கேட்டு, அங்க வாட்ச்மேன், அவருகிட்ட வருகைப் பதிவேடு. கடைவீதிப் பக்கம் லாரி வந்து போக ஒரு தெறப்பு, அங்க நான், என்கிட்ட லோடு நோட்டு. பஸ்ஸு நிக்கிறது கடைவீதியில. அதனால மனுவோட வந்தவங்க எல்லாரும் லாரி வழியாத்தான் வந்தாங்க.

உள்ள வர்றது எதுவா இருந்தாலும் நோட்டுல ஏறணும்கிறது எங்க இன்ஜினியர் சாரோட சட்டம். சரின்னு லோடு நோட்டுலயே எழுதிட்டேன். எம்-சாண்ட் ஒரு லோடு. வாரிசு சான்று, ஒரு அம்மா. ஜல்லி ரெண்டு லோடு. பட்டா மாறுதல், அண்ணன் தம்பி ரெண்டு பேரு, தனித்தனியா. மேஸ்திரி கருப்பையா அண்ணன் எட்டிப் பாத்துட்டு தலையில அடிச்சுக்கிட்டாரு. "ஏம்மா மலரு, இதுல யாரை எங்கிட்டு எறக்குறது?"

எடமில்லாமப் போச்சு

முதல் தளம் கான்கிரீட் போட்ட அன்னைக்கு நீங்க பாத்திருக்கணுமே! பம்பு வண்டி கையை நீட்டிக்கிட்டு நிக்குது, மிக்ஸர் வண்டி ஒண்ணு மாத்தி ஒண்ணு வருது, கடைவீதியே தெரண்டு வந்து வாயைப் பொளந்து பாக்குது. டீ எங்கேர்ந்து வந்துச்சு, வடை எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியலை. எனக்குக் காலு தரையில பாவலை.

அந்தக் கூட்டத்துக்குள்ள பாத்திரக்கடைக்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாரு. ஏதோ சண்டைக்கு வாராருன்னு நெனச்சு நான் ஹெல்மெட்டைச் சரி பண்ணிக்கிட்டேன். அவரு மொகமெல்லாம் பல்லு. "எத்தனை வருசமாச்சும்மா, நம்ம தெருவுல வண்டி நிறுத்த எடமில்லாமப் போயி! கண்ணு பட்டுறப் போவுது!"

வாயை வச்சுக்கிட்டு

லாரி வழிக்கு நேர் எதுத்தாப்புல ஜமீலா அக்காவோட ஜெராக்ஸ் கடை. ஆபீசுங்க போனதுலேர்ந்து ஷட்டர் பாதிக்கு மேல ஏறுனதில்லை. அக்காவோட வீட்டுக்காரரு குவைத்துல இருக்காரு. மக பொறந்தப்பப் போனவரு, மக பத்தாவது வந்துட்டா. கடை ஓடுனா வரச் சொல்லிரலாம்னு அக்கா தெனமும் சொல்லும்.

கான்கிரீட் போட்ட சந்தோசத்துல அன்னைக்கு நான் அக்கா கடைக்குள்ள போயி அவுத்து விட்டேன். "அக்கா, ஒங்க கடைக்கு நேராத்தான் வாசலே! மொத்த ஜனமும் ஒங்களைத் தாண்டித்தான் உள்ள போகணும்!" அப்படின்னு என்கிட்ட யாரும் சொல்லலை. டிராயிங்கையும் பாக்கலை. அங்க ஒரு தெறப்பு இருந்துச்சு, நானா முடிவு பண்ணிட்டேன். நான் வாயை மூடுறதுக்குள்ள அக்கா போனை எடுத்துருச்சு. "மச்சான், வாசலே நம்ம கடைக்கு நேரா வைக்கிறாங்களாம். போதும், கெளம்பி வாங்க!"

நூல் கட்டுன அன்னைக்கு

ரெண்டு மாசம் கழிச்சு ஒருநாள் காலையில லாரி வழிக்குக் குறுக்க கருப்பையா அண்ணன் நூல் கட்டுறாரு. என்னண்ணேன்னேன். காம்பவுண்டு சுவருக்கு வானம் தோண்டப் போறோம், அஸ்திவாரக் குழி, லாரிங்க இனிமே முன் கேட்டு வழியா வரும்னாரு. ஓடிப் போயி டிராயிங்கை விரிச்சேன். கடைவீதிப் பக்கம் இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும் ஒரே கோடு. வாசலுமில்லை, ஒரு சந்துமில்லை.

இன்ஜினியர் சாருகிட்ட போயி எல்லாத்தையும் ஒப்பிச்சேன். மனுசன் நல்லவருதான், ஆனா வரைஞ்சதுக்கு மேல ஒரு செங்கல்லு நகத்த மாட்டாரு. மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு என்னையப் பாத்தாரு. "மலரு, வாசலுக்கு வாக்கு குடுக்கிற அதிகாரம் ஒனக்கு எப்ப வந்துச்சு?"

வெள்ளிக்கிழமை

ரெண்டு நாளு அக்கா கண்ணுல படாம மூணு தெரு சுத்தி முன் கேட்டு வழியா வேலைக்குப் போனேன். அப்பத்தான் அந்தச் சுத்து எவ்வளவு தூரம்னு காலுக்குத் தெரிஞ்சுச்சு. மூணாவது நாளு அக்காவே தேடி வந்துருச்சு. வந்த வழியில தோண்டிக் கெடந்த குழியையும் பாத்துருச்சு.

"என் தப்புக்கா, நான் பாக்காம ஒளறிட்டேன்"னு சொல்லும்போதே அழுதுட்டேன். அக்கா திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். குழி மேல போட்டிருந்த பலகையில நின்னுக்கிட்டு தன் கடையைத் திரும்பிப் பாத்துச்சு. "மச்சான் வேலையை விட்டுட்டாரு மலரு. வர்ற வெள்ளிக்கிழமை திருச்சிக்கு டிக்கெட்டு."

பெரிய அதிகாரி

வியாழக்கிழமை பார்வையிட ஒரு பெரிய அதிகாரி வந்தாரு. அவரு வர்ற நேரம் பாத்து முன் கேட்டுல மிக்ஸர் வண்டி ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு. காரு உள்ள போக வழியில்லை. அவரு எறங்கி, யாரையோ வழி கேட்டு, கடைவீதி வழியா நடந்து, அந்தப் பலகை மேல ஏறி, குழியைத் தாண்டி வந்து நின்னாரு. "இந்த வழியை ஏன் அடைக்கிறீங்க?"

டிராயிங்குல அப்படித்தான் இருக்குன்னாரு எங்க சாரு. எனக்குப் பொறுக்கலை. வேலை போனாப் போவுதுன்னு ரெண்டு நோட்டையும் கொண்டாந்து நீட்டிட்டேன். முன் கேட்டு பதிவேட்டுல எங்க ஆளுங்களைத் தவிர நாலு பேரு. லோடு நோட்டைப் புரட்டி அவரு சத்தமா வாசிச்சாரு. "சிமெண்ட் நூறு மூட்டை. முதியோர் உதவித்தொகை, ரெண்டு பாட்டி. கம்பி ஒரு லோடு. சாதிச் சான்று..." பின்னால நின்னவங்க சிரிச்சுட்டாங்க. அவரு சிரிக்கலை. சுத்திப் போனா எவ்வளவு தூரம்னு கேட்டாரு. "மூணு தெரு சார், நான் ரெண்டு நாளா நடந்தேன்"னேன். சுவரை நிறுத்தி வச்சு, இங்க வாசல் வேணும்னு மேலிடத்துக்கு எழுதி அனுப்பச் சொன்னவரு, போறப்ப எங்க சாருகிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போனாரு. "சிமெண்ட் வர்ற வழியில மனுசன் வரக் கூடாதா?"

முதல் ஜெராக்ஸ்

மறுநாளு அக்காவோட வீட்டுக்காரரு பெட்டியோட வந்து எறங்குனாரு. கடைக்கு முன்னால குழிதான் இருந்துச்சு. எழுதுனதுக்குப் பதில் வர்ற வரைக்கும் தெனமும் காலையில ஷட்டரை முழுசா ஏத்திட்டு, குழி ஓரமா நின்னு என் மொகத்தைப் பாப்பாரு. எனக்குச் சோறு எறங்கலை. ஒருவழியா புது டிராயிங் வந்துச்சு. எட்டடி வாசல், நடந்து வர்றவங்களுக்கு மட்டும். அந்தத் தாளைத் தூக்கிக்கிட்டு நான் ஓடுன ஓட்டத்துல ஹெல்மெட்டு கழண்டு குழிக்குள்ள விழுந்துருச்சு. அக்கா என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அவரு அப்பத்தான் மொதத் தடவையாச் சிரிச்சாரு.

ஒரு வருசத்துல லிஃப்ட் வேலை தவிர கட்டடம் முடிஞ்சு, ஆபீசுங்க ஒவ்வொண்ணா குடி வந்துச்சு. வாசல் தெறந்த அன்னைக்குக் காலையில மொத ஆளா பஸ்ஸை விட்டு எறங்குனது யாருங்கிறீங்க? அந்த மீமிசல் பெரியவரு! நிவாரணம் அப்பவே வந்துருச்சாம், இது வேற மனுவாம். அக்காவோட வீட்டுக்காரரு கையாலயே ஆதாருக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு, ரோட்டைத் தாண்டி, வாசல்ல நின்ன என்னைய அடையாளம் கண்டுபிடிச்சுட்டாரு. "அன்னைக்கே முடிச்சிருவீகன்னுதான் உக்காந்திருந்தேன் தாயி, நீங்கதான் மெதுவாக் கட்டிட்டீக!"

இதுக்கப்புறமாவது இவ திருந்தியிருப்பான்னு நெனைச்சுராதீங்க, மூணாவது மாடிக்கு வர்ற முட்டி வலிக்காரங்ககிட்டயெல்லாம் லிஃப்ட் நாளைக்கே ஓடும்னு நேத்துதான் சொல்லி வச்சிருக்கேன்.