ஸ்பால்ட்டில் வாங்கிய இரண்டு பொட்டலம் ஹாப் பூ

பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவின் அறுவடையைப் பார்க்க ஜெர்மனியில் எந்த ஊருக்குப் போகலாம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். என் பதில் ஸ்பால்ட். நியூரம்பெர்குக்குத் தெற்கே இருக்கும் சின்ன ஊர். நான் அங்கே முதன்முதலாகப் போனது 1987 செப்டம்பரில், ஒரு சனிக்கிழமை. ஊர் பார்க்கும் ஆசையில் போனேன் என்று சொன்னால் அது பொய். வயிற்றெரிச்சலில்தான் போனேன்.

அப்போது எர்லாங்கனில் வேதிப் பொறியியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். தங்கியிருந்தது ஃபிராவ் வீஸ்னர் என்ற அம்மாளின் வீட்டு மாடியில். அவருடைய கணவர் உயிரோடு இருந்தவரை வீட்டு நிலவறையில் பியர் காய்ச்சியவர். கொப்பரை, மூடி போட்ட நொதிக்கும் வாளிகள், வெப்பமானி எல்லாம் அப்படியே இருந்தன. சும்மா கிடக்கிறதே, நீ காய்ச்சு என்று என்னிடம் சொன்னார். எனக்கென்ன, படிப்பே அதுதான். வெப்பநிலையை அரை டிகிரி பிசகாமல் குறித்து வைத்துக் காய்ச்சினேன். குடித்துப் பார்த்து "சவுபர்" என்றார் ஃபிராவ் வீஸ்னர். சுத்தம் என்று பொருள். ஓராண்டு காலம் அதைப் பெரிய பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அருள் வந்தான். மன்னார்க்காரன், என்னைவிட மூன்று வயது இளையவன். அகதியாக வந்து ஊரின் இன்னொரு கோடியில் விடுதியில் இருந்தான். வேலை செய்ய அனுமதியில்லை. மாதா கோயிலில் ஃபிராவ் வீஸ்னருக்குப் பழக்கமாகி, அவர் தோட்டத்தில் ஆப்பிள் பறிக்க வந்தவன், நிலவறைக்குள் எட்டிப் பார்த்தான். "அண்ணை, நானும் ஒருக்கால் காய்ச்சிப் பாக்கட்டோ?" என்று கேட்டான். பாவம், பொழுது போகட்டும் என்று பெரிய மனது பண்ணி ஒரு வாளியைக் கொடுத்தேன். ஊரில் கூட்டுறவுக் கடையில் கணக்கெழுதியவன், இவன் என்ன கிழித்துவிடப் போகிறான் என்ற எண்ணம்தான். ஃபிராவ் வீஸ்னர் அவனுடைய பியரை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் கோப்பையை நீட்டினார். பிறகு, "என் கணவர் காய்ச்சியது மாதிரி இருக்கிறது" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வெப்பமானியை அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். மூடியைத் துளி திறந்து மூக்கை நீட்டுவான், "இன்னும் ரெண்டு நாள் காணும்" என்பான். அது சரியாக இருக்கும். எங்கே கற்றாய் என்று கேட்டால், "எங்கேயுமில்லை அண்ணை" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

அந்த அக்டோபரில் ஃபிராவ் வீஸ்னருக்கு அறுபதாவது பிறந்தநாள். தோட்டத்தில் முப்பது பேருக்கு விருந்து. எங்கள் இருவர் பியரில் நன்றாக இருப்பதை விருந்தில் ஊற்றுவேன் என்று அறிவித்துவிட்டார். கணவர் செய்தது போல ஹாப் பூவை நொதிக்கும் வாளியிலேயே போட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். கொஞ்சம் விளக்குகிறேன். ஹாப் பூவைக் கொதிக்க வைத்தால் பியருக்குக் கசப்பு வரும், மணம் ஆவியோடு போய்விடும். காய்ச்சி ஆறவைத்து ஈஸ்ட் போட்ட பிறகு, உலர்ந்த பூவைத் துணிப்பையில் கட்டி உள்ளே இறக்கினால் மணம் தங்கும். ஆனால் அதற்குப் பூ புதியதாக இருக்க வேண்டும்.

புதுப் பூவுக்கு ஸ்பால்ட் போக வேண்டும். அருளால் போக முடியாது. அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். தாண்ட வேண்டுமென்றால் எழுதிக் கேட்டு, அலுவலகம் குறித்துத் தரும் நாளில் நேரில் போக வேண்டும். அவனும் கேட்டான். "அன்ட்ராக் குடுத்தனான் அண்ணை. டெர்மின் ஒக்டோபர் கடைசியில தந்திருக்கினம். அதுக்குள்ள பூவெல்லாம் முடிஞ்சிடும். நீங்கள் போனால் எனக்கும் ஒரு அறுபது கிராம் வாங்கி வாறியளோ?"

"அதுக்கென்ன, no problem" என்றேன்.

இனிப் பயணம். எர்லாங்கனில் காலை 7.12 ரயில். நியூரம்பெர்க் 24 கிலோமீட்டர், 7.36க்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே 7.58க்கு வேறு ரயில். முப்பத்தேழு கிலோமீட்டர் தெற்கே, 8.37க்கு கியோர்கன்ஸ்க்முண்ட் என்ற நிலையம். பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குவதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், எழுதிக் காட்டிவிடுங்கள். போக வர 24 மார்க் 40. நிலையத்துக்கு வெளியே 8.50க்கு ஸ்பால்ட் பேருந்து, 1 மார்க் 80, ஏழு கிலோமீட்டர், பதினான்கு நிமிடம். என்னையும் சேர்த்து நான்கு பேர்.

"ஹாப்ஸ் வாங்கவா?" என்று ஓட்டுநரே கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "செப்டம்பரில் இந்தப் பேருந்தில் வேறு எதற்கு ஏறுவார்கள்?" என்றவர், திரும்பக் கடைசிப் பேருந்து 12.35க்கு, விட்டால் நடைதான் என்றும் எச்சரித்தார்.

ஊருக்கு முன்பே தோட்டங்கள் வந்துவிடும். ஏழு மீட்டர் உயரக் கம்பங்கள், மேலே கம்பி, கம்பியிலிருந்து தொங்கும் கொடிகள். வெற்றிலைக் கொடிக்காலை மாடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினால் எப்படியோ அப்படி. அறுத்த வரிசைகளில் வெறும் கம்பங்கள் நின்றன. ஊருக்குள் வீடுகளின் கூரைகள் செங்குத்தாக இரண்டு மூன்று தளம் உயரம். பூ உலர்த்துவதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள், கூரையிலேயே காற்றுக்குத் திறப்புகள். பேருந்து 9.04க்கு நின்றது. இறங்கியதும் மணம் முகத்தில் அறைந்தது. எலுமிச்சைத் தோல், மிளகு, ஈரப் புல் எல்லாம் கலந்த ஏதோ ஒன்று. அருளாக இருந்தால் இதில் என்னென்ன இருக்கிறதென்று பிரித்துச் சொல்லியிருப்பான் என்று தோன்றியது. அந்த ஊரில் வைத்தும் அவன் நினைப்புதான் என்று எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது தெருவில் ஒரு கொட்டகையில் பூ பறிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த பெண்ணிடம் நூற்றிருபது கிராம் வேண்டும் என்றேன். மூட்டை மூட்டையாக விற்பவர்கள் அவர்கள். அவர் சிரித்த சிரிப்பில் இயந்திரத்தை இயக்கிய ஆளும் திரும்பிப் பார்த்தார். இருந்தாலும் மாடிக்கு அழைத்துப்போய், சூட்டில் உலர்ந்து இரண்டு நாள் ஆன பூவைக் காகிதப் பையில் அள்ளிக் கொடுத்தார். கையில் தேய்த்ததும் மஞ்சள் தூள் ஒட்டியது. ஐந்து மார்க். கிளம்பும்போது மூலையில் கிடந்த சாக்கிலிருந்து இன்னொரு பை நிறையத் திணித்தார். "இது இலவசம். போன வருடத்தது. தலையணைக்குள் வைத்தால் நல்ல தூக்கம் வரும். பியரில் போட்டுவிடாதே" என்றார்.

புதுப் பூவை இரண்டாகப் பிரிப்பது என்றுதான் பேருந்தில் ஏறினேன். சத்தியமாக. பதினான்கு நிமிடத்தில் மனசு மாறிவிட்டது. "என் கணவர் காய்ச்சியது மாதிரி" என்ற குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ரயில் நியூரம்பெர்கை நெருங்கும்போது, தலையணைப் பூ அருளுக்கு என்று முடிவாகிவிட்டது.

அருள் வீட்டு வாசலிலேயே காத்திருந்தான். பையைப் பிரிக்கும் முன்பே கேள்விகள். "வழியெல்லாம் எப்பிடி அண்ணை? பஸ்ஸில யன்னலோரமோ இருந்தனீங்கள்? ஆறு ஏதும் கண்டனீங்களோ?" குற்றமுள்ள நெஞ்சுக்கு எந்தக் கேள்வியும் போலீஸ் விசாரணைதான். "ரயில், பஸ், தோட்டம். எல்லா ஊரும் மாதிரிதான்" என்று முடித்துக்கொண்டேன்.

பையைத் திறந்து முகர்ந்தான். "இது போன வருசத்துப் பூவெல்லோ?"

"This year crop இன்னும் ready ஆகலையாம். இதுதான் கிடைச்சுது."

"பரவாயில்லை அண்ணை" என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளை விரித்துப் பூவைக் கொட்டி ஒவ்வொன்றாக முகர்ந்து பிரிக்க ஆரம்பித்தான். பழையது ஆக ஆகப் பூவில் பாலாடைக்கட்டி வாடை வந்துவிடும். வாடை ஏறாத பூக்களாக அவன் ஒதுக்கியது ஒரு கைப்பிடிகூட வரவில்லை.

காய்ச்சுவதில் நான் தவறு செய்தது இதற்குப் பிறகு. ஈஸ்ட் போட்ட இரண்டாம் நாளே, வாளி பொங்கி நுரைத்துக்கொண்டிருக்கும்போதே, நூற்றிருபது கிராம் புதுப் பூவையும் உள்ளே இறக்கினேன். நிலவறை முழுக்க மணந்தது. ஃபிராவ் வீஸ்னர் படியிறங்கி வந்து கண்ணை மூடி மூச்சிழுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வேதிப் பொறியியல் படித்தவனுக்கு அந்த மணம் எங்கேயிருந்து வருகிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை. நொதிக்கும்போது கிளம்பும் வாயு, மணத்தையும் தன்னோடு வெளியே இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அருள் எட்டு நாள் பொறுத்தான். நுரை அடங்கிய பிறகு, வெந்நீரில் கொதிக்கவைத்த துணிப்பையில் தன் கைப்பிடிப் பூவைக் கட்டி, மிதக்காமல் இருக்க இரண்டு கரண்டிகளையும் உள்ளே வைத்து இறக்கினான். நான்கே நாளில் எடுத்துவிட்டான்.

புட்டியில் இரண்டு வாரம் வைத்த பிறகு ருசி பார்த்தோம். என்னுடையதில் பச்சிலைக் கசப்பு இருந்தது, மணம் இல்லை. அவனுடையதில் மெலிசாக, ஆனால் தெளிவாக, அந்தச் சனிக்கிழமை காலை பேருந்திலிருந்து இறங்கியபோது என் முகத்தில் அடித்த மணம் இருந்தது. ஃபிராவ் வீஸ்னர் அவன் புட்டியை மட்டும் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

விருந்தன்று எல்லாரும் அவன் தோளைத் தட்டினார்கள். எனக்குத் தாங்கவில்லை. கோப்பை கழுவும் இடத்தில் அவனைத் தனியே பிடித்து, அவனைத் தோற்கடிக்க இதுவாவது உதவட்டும் என்ற புத்தியில் சொல்லிவிட்டேன்: "புதுப் பூ என்கிட்ட இருந்தது. உனக்குக் கொடுத்தது தலையணைக்குள்ள வைக்கிறது."

"தெரியும் அண்ணை" என்றான், கோப்பையைத் துடைத்துக்கொண்டே. "உங்கட வாளி அண்டைக்கு மணத்த மணத்திலேயே தெரிஞ்சது."

"அப்புறம் ஏன்டா கேக்கலை?"

"கேட்டிருந்தால் உங்களுக்கு வெக்கமாப் போயிடும். பிறகு எனக்காண்டி எங்கேயும் போகமாட்டியள். எனக்குப் போக ஏலாதெல்லோ." துணியைப் பிழிந்து கொடியில் போட்டான். "உங்கட பூவில எனக்குப் பொறாமை வரேல்லை அண்ணை. நீங்கள் ஏறின பஸ்ஸிலதான் வந்தது. அதைப் பற்றியும் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

என் வாழ்க்கையில் அவ்வளவு கூசிப்போய் நின்றதில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்டம்பர் நடு வரைதான் அறுவடை. ரயிலும் பேருந்தும் இன்றும் அதே வழிதான். நேரங்கள் மாறியிருக்கும், சனிக்கிழமை பேருந்து குறைவு, கடைசி வண்டியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று ஊருக்கு அப்பால் மண் தோண்டிக்கொண்டிருந்த இடம் இப்போது பெரிய ஏரி. பூ வாங்கினால் காற்றுப் புகாமல் கட்டிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். வீட்டில் காய்ச்சுபவர்கள் நுரை அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள், நான்கைந்து நாளில் பையை எடுத்துவிடுங்கள்.

இந்தப் பதிவில் ரயில் நேரமும் தூரமும் ஏன் இவ்வளவு துல்லியம் என்று சிலர் நினைக்கலாம். அன்று டைரியில் எல்லாம் குறித்து வைத்திருந்தேன், கேட்டவனிடம் மட்டும் சொல்லவில்லை. அருள் இப்போது ஹம்பேர்க்கில் இருக்கிறான், நினைத்த இடத்துக்குப் போய்வருகிறான். ஆறு கண்டீர்களா என்று அவன் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் பாக்கி. ஓம் அருள், கண்டேன். ஊரை ஒட்டி ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. பேருந்தில் நான் யன்னலோரம்தான் இருந்தேன்.