அழும்போது வந்த வீக்கம்

எனக்கு வாய் நீளம், மனதில் எதுவும் தங்காது என்று எங்கள் வரிசை வீட்டு லயமே சொல்லும். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தை இரண்டு வருடம் இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் மறைத்து வைத்திருந்தேன். பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் மூட்டை தூக்குகிற வேலை எனக்கு. இருமினால் தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம் வரும், படுத்தால் போய்விடும். குடலிறக்கம்தான். வெளியே தெரிந்தால் மூட்டை தூக்க விடமாட்டார்கள், கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள். அதனால் மனைவிக்கும் சொல்லவில்லை.

மகளுக்கு ஐந்து மாதம் இருக்கும். குளிப்பாட்டிக்கொண்டிருந்த மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க பாருங்க. அழுதா தொடை இடுக்குல உருண்டு வருது. தூங்குனா காணாமப் போயிருது."

பார்த்தேன். எனக்கு வருகிற அதே இடம். ஆனால் எங்கள் தோட்டத்தில் அது மூட்டை தூக்குகிற ஆம்பிளைக்கு வருகிற வியாதி. பால்குடிக்கிற பெண்பிள்ளைக்கு எப்படி வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தாள். "குடலேத்தம்தான், குடலு மேல ஏறியிருக்கு, தடவுனா எறங்கிரும், பயப்படாத" என்று எண்ணெய் தொட்டு வயிற்றைத் தடவிவிட்டாள். பிள்ளை அழுகையை நிறுத்தியது, வீக்கமும் போனது. அழுகை நின்றால் அது தானாகவே உள்ளே போகும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. மூன்று வாரம் இதே கதை. ஸ்டோரில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி வேலையில் வீட்டுக்கு ஓடுவேன், துணியை விலக்கிப் பார்ப்பேன், திரும்பி ஓடுவேன். கங்காணி திட்டினார். நானும் அவரைத் திட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீக்கம் போகவில்லை. கல் மாதிரி இறுகி, மேலே தோல் சிவந்திருந்தது. பிள்ளை வீரிட்டு அழுது பச்சையாக வாந்தி எடுத்தது. அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அந்த வீக்கத்தையே அமுக்கப் போனாள்.

"கை வைக்காதீங்க அக்கா. அது குடலு. எனக்கும் இருக்கு."

வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. வெட்கப்பட நேரமில்லை.

ஆட்டோவில் பதுளைக்குப் போகிற வழியில் ஒவ்வொரு வளைவையும் திட்டித் தீர்த்தேன். மனைவி என் பக்கம் திரும்பவேயில்லை. ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார்.

"முதல்ல அழேக்க வந்து, படுக்கேக்க போனதோ? அப்பவே கொண்டந்திருக்க வேணும். பொம்பிளைப் பிள்ளையளுக்கும் இது வரும். இறுகி, இப்பிடிப் பச்சையாச் சத்தியும் எடுத்தா கொஞ்சமும் பிந்தக்கூடாது."

உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வெளியே நடந்து நடந்து என் செருப்பு வார் அறுந்தது. பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று ஒரே நர்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

குடல் தப்பியது, பிள்ளை தப்பியது. மறுநாள் கட்டிலருகே மனைவி மெதுவாகத்தான் சொன்னாள்.

"அந்த அக்காவுக்குத் தெரியாது, தடவுனாங்க. உங்களுக்குத் தெரியும்."

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை பசியில் அழத் தொடங்கியது. பால் கொடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துணியை விலக்கி அந்த இடத்தைப் பார்த்தோம்.