மன்னியின் முழங்காலுக்கு ஃபுல் மார்க்

போன மாசம் மயிலாப்பூரில் மன்னியைப் பார்க்கப் போயிருந்தேன். மன்னி என்றால் என் அண்ணாவின் மனைவி. முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட், இரண்டாவது மாடி. நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறேன்... மன்னியின் குரல் படிக்கட்டு வரை கேட்கிறது.

"காலா இது? கட்டை! மடங்கவே மாட்டேங்கறது. ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது."

அசோக் நகரில் இருக்கும் அவர் அக்காவோடு போன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அதை வைத்துவிட்டார். உடனே மறுபடியும் மணி அடித்தது. இந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து, ஸ்பீக்கரில் ஒரு பெண்.

"எப்படி இருக்கீங்க ஆன்ட்டி? வலி இருக்கா?"

"சேச்சே, வலியா? அதெல்லாம் ஒண்ணுமே இல்லைம்மா."

"படி ஏறி இறங்க முடியுதா?"

"பேஷா!"

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து மன்னி இந்த வாசலைத் தாண்டவில்லை. பேஷாவாம்!

"என்ன மன்னி இது, அக்காகிட்ட ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு?"

"பாவம்டி, அந்தப் பொண்ணு எவ்வளவு அக்கறையா விசாரிக்கறது. அதுகிட்டப் போய் வலிக்கறதுன்னு சொன்னா நன்னாவா இருக்கும்?"

நம் ஊரில் 'சௌக்கியமா?' என்று கேட்டால் 'சௌக்கியம்' என்பதுதான் பதில். ஜுரத்தில் நடுங்கிக்கொண்டே கூட அதைத்தான் சொல்வோம்.

அந்தப் பெண் எதற்காகக் கேட்கிறாள் தெரியுமோ? முன்பெல்லாம் எக்ஸ்ரேயில் மூட்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் ஆபரேஷன் சக்ஸஸ். இப்போது இடுப்பு, முழங்கால் மாற்று ஆபரேஷன் பற்றிய ஆராய்ச்சிகளில் நோயாளியையே கேட்டு, ஃபாரத்தில் கட்டம் கட்டமாக டிக் அடிக்கிறார்கள் - வலி குறைந்ததா, நடக்க முடிகிறதா, திருப்தியா என்று. பெரும்பாலானவர்களுக்குத் திருப்திதானாம். சிலருக்கு மட்டும் இல்லை. அது ஏன் என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெரும்பாலானவர்களில் எத்தனை பேர் எங்கள் மன்னியோ!

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மன்னி காலை மடக்கும் எக்ஸர்சைஸே செய்யவில்லை. வலிக்கிறதே, எப்படிச் செய்வது? வீட்டுக்கு வரும் பிசியோதெரபி பெண்ணிடம், "இப்பதான் முடிச்சேன், நீ காபி சாப்பிடு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். தினமும்! இப்படியே விட்டால் மூட்டு இறுகிப்போகும் என்று எனக்கே தெரியும்.

"உங்க அண்ணா வாங்கிண்டு வர வெண்டைக்காயைப் பார்த்தியா? விறகு. நானே கடைக்குப் போய் நுனியை உடைச்சுப் பார்த்து வாங்கணும்டி" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த ரெண்டாவது மாடியிலேயே என் காலம் முடிஞ்சுடுமோன்னு பயமா இருக்கு."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அண்ணாவை டாக்டருக்கு போன் போடச் சொன்னேன். அடுத்த நாளே வரச் சொன்னார்கள். மன்னியை நாற்காலியில் உட்காரவைத்து வாட்ச்மேனும் டாக்ஸி டிரைவரும் கீழே இறக்கினார்கள்.

"இன்னாம்மா, ரொம்ப வலிக்குதா?" என்று டிரைவர் ஒரு வார்த்தைதான் கேட்டார். அவ்வளவுதான். அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை, எங்கே பிடிக்கிறது, எங்கே குத்துகிறது, எந்த மாத்திரை கேட்கவில்லை - மன்னி ஒன்று விடவில்லை.

டாக்டர் அறைக்குள் போனோம்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"உங்க புண்ணியத்துல நன்னா இருக்கேன் டாக்டர்."

எனக்குப் பொறுக்கவில்லை. "மன்னி, டாக்ஸிக்காரர்கிட்ட சொன்னதை இவர்கிட்டயும் சொல்லுங்கோ!"

டாக்டர் முழங்காலை மெல்ல மடக்கிப் பார்த்தார். பாதி கூட மடங்கவில்லை. மன்னி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், கண் நிறைந்துவிட்டது.

"வலிக்கறது டாக்டர். ரொம்ப. நீங்க இவ்வளவு சிரமப்பட்டுப் பண்ணியிருக்கேள்... குறை சொல்றாப்பல ஆயிடுமேன்னுதான்..."

"நீங்க என்கிட்ட குறை சொல்லணும்மா. எங்க ரெக்கார்டுல உங்க முட்டிக்கு ஃபுல் மார்க் போட்டு வெச்சிருக்கோம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, நான் மயக்க மருந்து கொடுத்துதான் மடக்கியிருக்கணும்."

மாத்திரையை மாற்றினார். எக்ஸர்சைஸுக்கு முன்னால் எப்போது போட வேண்டும் என்று அண்ணாவுக்கு விளக்கினார். பிசியோ பெண்ணுக்கு இப்போதும் காபி உண்டு - எக்ஸர்சைஸ் முடிந்த பிறகு. அந்த நேரத்தில் மன்னி போடும் சத்தத்துக்குப் பக்கத்து ஃபிளாட்காரர்கள் டிவி வால்யூமைக் கூட்டிவிடுகிறார்களாம்.

முந்தாநாள் சாயங்காலம் தெற்கு மாட வீதியில் மன்னியும் நானும். அவர் கையில் ஊன்றுகோல், என் கையில் பை. மன்னியின் செல்போன் அடித்தது. அதே பெண்தான்.

"வலி இருக்கா ஆன்ட்டி?"

"இருக்கும்மா. ஏறும்போது கம்மி, இறங்கும்போது ஜாஸ்தி. ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டு எழுந்தா உள்பக்கமா ஒரு இழுப்பு. எழுதிண்டியா? மீதியை அப்புறம் சொல்றேன்... இப்ப நடு ரோட்டுல நிக்கறேன், ஒரு பைக்குக்காரன் மேல இடிக்கற மாதிரி வரான்!"

இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாளோ, பாவம்.